வினோதினி தரையைப் பார்ப்பாள்

கொரட்டூர் ஸ்டேஷனில் ஆவடி வண்டிக்காக நின்றிருந்தபோது, எங்கள் கூடத்தில் தறி ஓட்டும் செல்வம் அண்ணன் அழைத்தார். “வினோ நம்மள உட்டுட்டு பூட்ச்சும்மா” என்றார். வண்டி வந்து போனது. நான் ஏறவில்லை. முதலில் எனக்குத் தோன்றியது இதுதான்: இனி அவளை முந்தவே முடியாது.

வினோதினியை அறிந்தவர்களிடம் அவள் திறமையை நிரூபிக்க வேண்டியதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில், தொழிற்சாலைகளுக்கு வடிகட்டித் துணியும் திரைத் துணியும் நெய்யும் இடத்தில் வடிவமைப்பாளர்களாக இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். ஒரே வயது, ஒரே படிப்பு. தூண்டில் நரம்பு போன்ற நைலான் இழையிலும் கண்ணாடி இழையிலும் ஒளி ஊடுருவும் துணி உருவாக்குவது எங்கள் வேலை. நான் கரூரில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவள். திருமுல்லைவாயிலில் அவள் வீட்டில் யாரும் தறியைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. அது எனக்குக் கூடுதல் எரிச்சல்.

புதுத் துணி தறியிலிருந்து இறங்கியதும் நாங்கள் எல்லோரும் அதை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்போம். அவள் மட்டும் கூரைபோல் விரிக்கச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பாள். “துணி பொய் சொல்லும்டி. கீழ விழுது பாரு நெழலு, அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது.” இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பல நாள் சாப்பிடும்போதுகூட யோசித்திருக்கிறேன்.

ஒரு மருத்துவமனை, கட்டில்களுக்கு நடுவே தொங்கவிடத் திரை கேட்டது. வெளிச்சம் வர வேண்டும். ஆள் தெரியக் கூடாது. இருவரும் ஆளுக்கொன்று நெய்தோம். என் துணியை வந்தவர்கள் தடவித் தடவிப் பாராட்டினார்கள். அவள் தன் துணியைக் கட்டிவிட்டு, “அண்ணாத்தே, பின்னாடி போய் ஒக்காரு” என்றாள். செல்வம் அண்ணன் உட்கார்ந்தார். யாரோ இருக்கிறார் என்று தெரிந்தது. யார் என்று தெரியவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கும் ஆறுதலையும் அந்தத் துணி விட்டுவைத்திருந்தது. அவளுடையதையே எடுத்துக்கொண்டார்கள்.

அன்று எல்லோருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாஸை வாங்கிக்கொண்டே கேட்டாள்: “இன்னாடி, வயிறு எரியுதா?”

“எரியுது.”

“எரியட்டும். நீ எரியலன்னா எனக்கு போர் அடிச்சிடும்.”

கடைசியாக அவளைப் பார்த்ததும் ஒரு மருத்துவமனையில்தான். கட்டிலைச் சுற்றித் தடித்த பச்சைத் திரை. “இத்த நெய்ஞ்சவன இட்டுகினு வா, ஒதைக்கணும்” என்று சிரித்தாள். நான் பையிலிருந்து என் புதிய துணியை எடுத்தேன். நலம் விசாரிக்க மட்டும் நான் போகவில்லை. ‘நல்லா கீது’ என்ற ஒரு சொல் அவள் வாயிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது. மேலே பிடிக்கச் சொன்னாள். போர்வையில் விழுந்த நிழலை வெகுநேரம் பார்த்தாள். அந்த நிழலுக்குள் விரல்களை விட்டு அசைத்தாள்.

“பாவு நூல ரொம்ப இழுத்துப் புட்ச்சிருக்க. கொஞ்சம் உடு, மூச்சு உடட்டும்.”

அவ்வளவுதான். நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பினார். படியிறங்கும்போது அவள் நோயைவிட அந்தச் சொல்தான் எனக்கு வலித்தது.

அவள் காரியம் முடிந்த பிறகு, தறியில் நீளமாக ஓடும் பாவு இழைகளின் இழுவையைத் தளர்த்தி அதே துணியை மறுபடி நெய்தேன். செல்வம் அண்ணன் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையை. முன்பு கோடு கோடாக விழுந்த நிழல், இப்போது தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் தரையில் மெல்ல அசைந்தது. அவள் சொன்னது சரி. எப்போதும்போல.

“வினோ பாத்திருந்தா இன்னா சொல்லியிருக்கும்?” என்றார் அண்ணன்.

“இதுலயும் ஏதாவது ஒரு குறை சொல்லியிருப்பா.”

குனிந்து தரையைப் பார்க்கும் பழக்கமும், யார்மீது என்று தெரியாமல் எரியும் இந்த வயிறும்தான் அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியவை. அந்தத் துணியை வாங்குபவர்களுக்கு இன்னும் அனுப்பவில்லை. தினமும் விரித்துப் பார்க்கிறேன். அதில் என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.