சுக்கிரன் சுற்றும் பக்கம்

பெண் பார்த்த இடமெல்லாம் தட்டிப்போவதற்குச் சுக்கிரன்தான் காரணம் என்று முடிவுகட்டி, அம்மா என்னை வெள்ளிக்கிழமைதோறும் கரமனைக் கோயிலில் நவக்கிரகம் சுற்ற விரட்டினாள். கழக்கூட்டத்து ஆபீசில் சும்மா இருந்தபோது, பூமி சுழலும் திசைக்கு நேரெதிராகச் சுக்கிரன் சுழல்கிறது என்று படித்திருந்தேன். காரியம் ஆகவேண்டியவர் போக்கில்தானே நாம் போகவேண்டும்? எல்லாரும் வலமாகச் சுற்ற, நான் இடமாகச் சுற்றினேன். எதிரே வந்த பக்கத்து வீட்டு மாமிமேல் மோதியதில் அவர் கையிலிருந்த நெய்விளக்கு அணைந்தது.

“எந்தாடா இது, அப்பிரதட்சிணம்?”

சுக்கிரனின் சுழற்சியை விளக்கினேன். பூமியின் சாய்வையும் விடவில்லை. மாமி பொறுமையாகக் கேட்டார்.

“பொண்ணு பாக்கப் போற ஆத்துலயும் இதெல்லாம் பேசுவயா?”

“கேட்டா சொல்லுவேன்.”

“அப்போ சுக்கிரன் என்ன பண்ணுவார், பாவம்!”