தெல்மா டீச்சரின் நான்காவது வாரப் பாடம்

தெல்மா பிவராலுக்கு ஐம்பத்தொரு வயது. அதில் இருபத்தாறு வருடங்களை ஆன்டிகுவா என்ற ஊரில், வெளிநாட்டுக்காரர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லித்தரும் ஒரு பள்ளியின் முற்றத்தில், ஒரு சின்ன மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே கழித்துவிட்டாள். அந்தப் பக்கம் ஒரு வெளிநாட்டுக்காரர். மாதம் ஒரு முகம். எட்டு மணிக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டு வரை ஒரே ஆளோடு ஒரே பேச்சு.

இலக்கணம் எவ்வளவு இழுத்தாலும் ஒரு மணி நேரம். மிச்ச மூன்று மணி நேரத்துக்கு யார் பேசுவது? படிக்க வந்தவருக்கு நாக்கு புரளாது, டீச்சர்தான் பேசியாக வேண்டும். சமையலும் மழையும் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அப்புறம் சொந்தக் கதைதான். புருஷன் ஓடிப்போனது, கர்ப்பப்பையை எடுத்தது எல்லாம் வெளியே வரும். எங்கள் ஊர் டீச்சர்களின் வீட்டு விஷயம் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது, கோபன்ஹேகனுக்குத் தெரியும். வெட்கக்கேடுதான். என்ன செய்வது, வயிறு இருக்கிறதே.

நான்காவது வாரம் ‘எடுத்தல்’ பாடம் வரும். நம் ‘எடுத்தான்’, ‘எடுத்துக்கொண்டான்’ மாதிரி ஒரு சங்கதி. ‘செ’ என்ற பொடிச்சொல் சில இடத்தில் ஒட்டும், சில இடத்தில் ஒட்டாது. பொதுவாகக் காபி குடிப்பவனுக்கு வேண்டியதில்லை, ஒரு கோப்பையை அடிவரைக்கும் குடித்துத் தீர்த்தவனுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். நம் குடையை நாம் கையில் கொண்டுபோனால் வேண்டாம், அதை எவனோ கிளப்பிக்கொண்டு போய்விட்டால் கட்டாயம் வேண்டும். தெல்மா குடையைக் காட்டிக் காட்டிச் சொல்வாள். தலையை ஆட்டிவிட்டு மறுநாள் தப்பாக எழுதி வருவார்கள்.

அலுத்துப்போய் ஒருநாள் அண்ணன் ரெனேயின் கதையைச் சொன்னாள். 1982, சங்கத்துக்காரர்களை ராணுவம் பிடித்துப்போன காலம். காலை ஆறு மணி. நாலு பேர் வந்து, ஆசிரியர் சங்கத்தில் இருந்த அவனை வீட்டிலிருந்து இழுத்துப் போனார்கள். வாசலில் அவன் திரும்பி, “பாப்பாவைக் கடலுக்குக் கூட்டிப் போ, தெல்மா” என்றான். பாப்பா அவன் மகள், நாலு மாதக் குழந்தை. ஸ்பானிஷில் கூட்டிப் போவதற்கும் அதே வினைதான், ஆனால் இங்கே ‘செ’ கிடையாது, கூட்டிப் போனால் திரும்பக் கூட்டி வருவோம். அப்புறம் அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். இங்கே ‘செ’ உண்டு. அவ்வளவுதான் பாடம். அதன்பிறகு ஒருத்தரும் தப்பாக எழுதியதில்லை. சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். ‘மறக்க முடியாத ஆசிரியை’ என்று பள்ளி நோட்டில் எழுதிவைத்தார்கள். வருடத்துக்கு வருடம் கதை மெருகேறியது. எந்த இடத்தில் நிறுத்தி மூச்சுவிட வேண்டும் என்பது தெல்மாவுக்கு அத்துப்படி.

கடல் விஷயம் அவளே சேர்த்தது. பாடத்துக்கு ‘செ’ இல்லாத வாக்கியம் ஒன்று தேவைப்பட்டது, சேர்த்துவிட்டாள். ரெனே கடைசியாகச் சொன்னது வேறு. அதை அவள் எந்த மாணவருக்கும் சொன்னதில்லை. முக்கியமாக ரெனேயின் மகள் சுசெலிக்குச் சொன்னதில்லை. சுசெலி கேட்டபோதெல்லாம், “எனக்கு அப்ப பத்து வயசு. தூங்கிட்டிருந்தேன்” என்று முடித்துவிடுவாள்.

அந்தச் சுசெலிக்கு இப்போது நாற்பத்தொரு வயது. மாணவர்களை வீட்டில் தங்கவைத்து மூன்று வேளை சோறு போடுகிறாள். தெல்மா இதில் கவனமாக இருந்தாள். சுசெலி வீட்டில் தங்குபவர்களுக்குக் குடை மட்டும்தான், அண்ணன் கிடையாது.

கிர்ஸ்டன் என்ற டென்மார்க்குப் பெண் வேறு வீட்டில்தான் இருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே தண்ணீர்த் தொட்டி உடைந்தது. பள்ளி ஆபீசில் அவளைச் சுசெலி வீட்டுக்கு மாற்றினார்கள், தெல்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. புதன்கிழமை தெல்மா அண்ணன் கதையைச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் கறுப்பு பீன்ஸும் வறுத்த வாழைப்பழமும் வைத்துவிட்டு, தினமும் எல்லா வீட்டிலும் கேட்பதுபோல, “இன்னிக்கு என்னம்மா படிச்ச?” என்று சுசெலி கேட்டாள். கிர்ஸ்டனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. முழுக் கதையையும் ஒரு ‘செ’கூடத் தவறாமல் ஒப்பித்தாள்.

சுசெலி கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். “டீச்சரோட அண்ணன் பேரு?”

“ரெனே.”

வீடு மாறியதை வெள்ளிக்கிழமை கிர்ஸ்டனே சொன்னபோதுதான் தெல்மாவுக்குத் தெரிந்தது. ஞாயிறு மத்தியானம் சுசெலி வந்தாள். சண்டை போடவில்லை. அத்தையைக் கட்டிக்கொண்டாள். அதுதான் தெல்மாவை இன்னும் பயமுறுத்தியது.

“நேத்து கடலுக்குப் போயிட்டு வந்தேன் அத்தை. கூட்டிட்டுப் போகத்தான் யாரும் வரலையே, நானே பஸ் ஏறிட்டேன். தண்ணியில நின்னு, ‘வந்துட்டேன்ப்பா’ன்னு சத்தமா சொன்னேன். சனம் என்னைப் பைத்தியம்னு நெனச்சிருக்கும்.”

சுசெலி தோளிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

“கல்லறைத் தோட்டத்துல அப்பாவுக்கு ஒரு கல் வைக்கப்போறேன். எலும்பு கெடைக்காட்டி என்ன? அவர் கடைசியாச் சொன்னதையே அதுல வெட்டச் சொல்லிட்டேன்.”

இருபத்தாறு வருடம் கூசாத வாய் அங்கேதான் கூசியது.

“வெட்டச் சொல்லாத சுசெலி. அவன் அப்படிச் சொல்லல.”

“பின்னே?”

“கதவைத் தட்டினாங்க. மரியாதையா, அவன் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. யாரு வந்தாலும் தொறக்காதேன்னு அவன் சொல்லியிருந்தான். நான் பால்காரர்னு நெனச்சுத் தொறந்துட்டேன். அவன் ஒத்தைச் செருப்பத் தேடிட்டிருந்தான். இழுத்துட்டுப் போறப்ப என்னப் பாத்து, ‘ஏன்டி தொறந்த, கழுதை’ன்னான். அவ்வளவுதான்.”

கொலைகாரி என்பாள், இனி என் வாசலை மிதிக்காதே என்பாள் என்று தெல்மா காத்திருந்தாள். சொல்லியிருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

“கழுதைன்னா சொன்னாரு?”

“ஆமா.”

“என்னையும் அப்படித்தான் திட்டியிருப்பாரு, இல்ல? பாலக் கொட்டினா, மார்க் கொறஞ்சா.” அவள் குரல் உடைந்தது. “பத்து வயசுப் புள்ள தொறந்ததுக்கு நான் உங்கள என்ன சொல்லப்போறேன்? அந்தத் திட்டையாவது எனக்குக் குடுத்திருக்கலாமே அத்தை. எங்கப்பாவோடதுன்னு ஒண்ணு இருந்திருக்கும். கண்ட ஊர்க்காரனுக்கெல்லாம் பொய்ய வாரிக் குடுத்தீங்க. எனக்கு அந்தப் பொய்கூட இல்ல.”

சுசெலி முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்து எதிரே போட்டாள். “சரி, எப்படிச் சொன்னாரு? கோவமாவா, பயந்தா? அவர் சொன்ன மாதிரியே ஒருதரம் சொல்லுங்க.”

தெல்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். ஒவ்வொரு அசையும் நிதானமாக, தனித்தனியாக, வெளிநாட்டுக்காரர் கேட்டு எழுதிக்கொள்ளத் தோதாக வந்தது. தலையை உதறிவிட்டு மறுபடி சொன்னாள். அப்படியேதான் வந்தது. மூன்றாவது தடவை கத்திப் பார்த்தாள்.

சுசெலி எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

“போதும் அத்தை. இது உங்க கிளாஸ் குரல்.”