சோழவந்தானுக்கு ஒரு திருத்தம்

காலை ஆறே காலுக்கு மதுரையில் இறங்கினேன். ரயில் நாற்பது நிமிடம் தாமதம். ஆனால் என் எரிச்சலுக்கு ரயிலைக் குறை சொல்ல முடியாது. அது சென்னையில் கிளம்பும்போதே என்னோடு ஏறிவிட்டது.

இருபத்திரண்டு வருடமாகத் தொழில்நுட்பப் பத்திரிகையில் குப்பை கொட்டுகிறேன். கடைசிப் பதினொரு வருடம் ஆசிரியர். வாசகர்கள் திட்டி எழுதுவார்கள், பதில் போடுவேன், அத்தோடு முடியும். நேரில் வரச் சொன்னவர் செல்வராணி ஒருவர்தான். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். மதுரையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலையும் பார்க்கிறார்.

போன இதழில், செல்போனிலிருந்து ஓர் அழைப்பு விட்டால் வயல் மோட்டார் ஓடும் கருவியைப் பற்றிக் கட்டுரை போட்டோம். எழுதியவர் கதிரேசன், எங்கள் மதுரைப் பகுதி நிருபர். செல்வராணியின் தோட்டத்தில்தான் படம் எடுத்தார். படத்தில் செல்வராணியின் கை, கையில் போன், போனில் மோட்டாருக்குப் போட்டிருந்த சிம்மின் எண், பளிச்சென்று. இதழ் கடைக்கு வந்த அன்றே வாசகப் பெருமக்கள் அந்த எண்ணை அழைத்து, கருவி வேலை செய்கிறதா என்று சோதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வேலை செய்தது.

ரயில் நிலையத்திலிருந்து ஆரப்பாளையம் பேருந்து நிலையம் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

"மீட்டர் இருக்கே?" என்றேன்.

"அது வண்டிக்கு அழகுண்ணே. நூத்தி இருவது குடுங்க, ஏறுங்க."

ஏறினேன். வண்டி சிம்மக்கல் பக்கம் திரும்பியது. "ஒரு மூடைய இறக்கிட்டுப் போயிருவோம்ணே, அஞ்சே நிமிசம்" என்றார். மொத்த வியாபாரக் கடைகள் லாரிகளை நடுத்தெருவில் நிறுத்திச் சரக்கு இறக்கும் நேரம் அது. முக்கால் மணி நேரம் ஆனது. என் மடியில் இருந்தது அந்தக் கொத்தமல்லி மூட்டை.

சோழவந்தான் இருபத்திரண்டு கிலோமீட்டர். பேருந்தில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன்.

"காலங்காத்தால அம்புட்டுச் சில்லறைக்கு எங்க போவேன்? போன்ல போடுங்க சார்" என்றார் நடத்துனர்.

போட்டேன். சிக்னல் இல்லாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவர் என் டிக்கெட்டுக்கும் சேர்த்துச் சில்லறை கொடுத்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீக?" என்று கேட்டார். பத்திரிகை என்று மட்டும் சொன்னேன், தொழில்நுட்பத்தை விழுங்கிவிட்டேன்.

ஒன்பதே முக்காலுக்குக் கொடிக்காலில் இருந்தேன். அகத்தி மரங்கள் நிழல் பிடிக்க, அவற்றில் ஏறிய வெற்றிலைக் கொடிகள் ஒரு பக்கம் கரும்பச்சை. மறுபக்கம் எட்டு வரிசை மஞ்சளாகித் துவண்டு கிடந்தது. செல்வராணிக்கு நாற்பது வயதிருக்கும். வாங்க என்று சொன்னார், அவ்வளவுதான்.

"மூணு நாளா நான் ஸ்கூலுக்குப் போன பெறகு மோட்டாரு தன்னால ஓடியிருக்கு. சாயந்தரம் வந்து பாத்தா முழங்கால் தண்ணி. பக்கத்துத் தோட்டத்துக்காரகள சந்தேகப்பட்டு சண்டைகூடப் போட்டுட்டேன். நாலாம் நாளு அந்த சிம்மக் கழட்டி என் போன்ல போட்டேன். போட்ட ஒடனே ஒருத்தர், 'மோட்டார் ஆன் ஆச்சாங்க?'ங்குறாரு."

வெற்றிலைக்குத் தண்ணீர் வேண்டும், தேங்கக் கூடாது. தேங்கினால் வேர் அழுகிவிடும். எட்டு வரிசை போய்விட்டது. மிச்சப் பன்னிரண்டு வரிசைக்குப் பகலில் அளவாகத் தண்ணீர் விட, இரண்டு வாரமாகப் பாதி நாள் விடுப்பு எடுக்கிறார். இனி விடுப்பு கேட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டாராம்.

நான் நஷ்டஈடு, மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. புது சிம் ஒன்றை என் கையில் வைத்தார்.

"என் போனுக்கு மட்டும் ஓடணும். வேற யாரு கூப்புட்டாலும் ஓடக் கூடாது. நீங்கதான எழுதுனீக, வச்சுக் குடுங்க. நாளைக்கு நான் வேலைக்குப் போகணும்."

மோட்டார் அறைக்குள் நுழைந்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்த அந்தக் கருவியை நான் அன்றுதான் முதல் முறையாகத் தொட்டேன். ஒரு மணி நேரம் முட்டி மோதினேன். வியர்வையில் கண்ணாடி வழுக்கியது. வேறு வழியில்லாமல் கதிரேசனை அழைத்து, இதை ஏன் கட்டுரையில் எழுதவில்லை என்று கத்தினேன்.

"எழுதியிருந்தேனேண்ணே. மொதல்ல நம்ம நம்பரப் பதிவு பண்ணணும், இல்லாட்டி யாரு கூப்புட்டாலும் ஓடும்னு நாலு வரி. படம் நல்லா இருக்கு, பெருசாப் போடுறேன்னு நீங்கதான் அதத் தூக்குனீங்க."

நினைவு வந்தது. பக்கத்தில் இடம் போதவில்லை. எண் தெளிவாகத் தெரிகிற அளவுக்குப் படத்தைப் பெரிதாக்கியதும் நான், அதற்காக அந்த நான்கு வரியை வெட்டியதும் நான். வெட்டியபோது பக்கம் அழகாகிவிட்டது என்று திருப்திப்பட்டதும் நான்தான். வெட்கமாக இருந்தது.

போன் ஒலிபெருக்கியில் இருந்ததால் செல்வராணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கதிரேசன் சொல்லச் சொல்ல, புது சிம்மைக் கருவியில் போட்டு, அதற்குக் குறுஞ்செய்தி அனுப்பிச் செல்வராணியின் எண்ணைப் பதிந்தேன். மூன்றாவது முறைதான் போய்ச் சேர்ந்தது.

"இப்ப உங்க போன்லருந்து கூப்புடுங்க" என்றார் செல்வராணி.

கூப்பிட்டேன். முழுதாக மணி அடித்து ஓய்ந்தது. மோட்டார் அசையவில்லை. பிறகு அவர் அழைத்தார். குழாயில் தண்ணீர் கொட்டியது. ஓடிப்போய் மண்வெட்டியால் மடையைத் திருத்திவிட்டு வந்தார்.

"சார், என்ன மாதிரி இத வாங்குனவுக எம்புட்டுப் பேரு இருக்காகளோ. அந்த நாலு வரியப் போடுங்க. மூலையில பொடி எழுத்துல போடாதீக. அந்தப் படத்த எம்புட்டுப் பெருசாப் போட்டீகளோ அம்புட்டுக்குப் போடுங்க."

நாலு மணிக்குத் திரும்பும் பேருந்தில் இருந்து அலுவலகத்தை அழைத்தேன். இதழ் மறுநாள் அச்சுக்குப் போகிறது. ஒரு பக்கமும் காலியில்லை, கடைசிப் பக்கத்து ஓரத்தில் வேண்டுமானால் செருகலாம் என்றார் உதவி ஆசிரியர்.

"என் தலையங்கத்த எடுத்துட்டு அந்த முழுப் பக்கத்துலயும் திருத்தத்தப் போடுங்க" என்றேன்.

"தலையங்கம் இல்லாம நம்ம இதழ் வந்ததே இல்லையே சார். வாசகர்கள் தேட மாட்டாங்களா?"

இதழ் வெளிவந்து மூன்று வாரம் ஆகிறது. திருத்தத்தைப் பார்த்துவிட்டுக் கருவியில் தங்கள் எண்ணைப் பதிய வழி கேட்டுத் தினமும் யாராவது அழைக்கிறார்கள். தலையங்கம் எங்கே என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.