கருவாட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

செம்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்ப் போர்ஷனில் மீன் விற்கும் அக்கா ஒருவர் குடியிருந்தார். கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர். காலையில் தெருத்தெருவாக விற்றுவிட்டுப் பத்தரை மணிக்குத் திரும்புவார். மிஞ்சிய நெத்திலியை உப்புப் போட்டு மொட்டை மாடியில் காயவைப்பார். என் புடவைகளும் அங்கேதான் காயும். அந்த வாசனை தாங்காமல் வீட்டுக்காரரிடம் இரண்டு முறை புகார் சொல்லியிருக்கிறேன்.

நான் பள்ளி ஆசிரியை. ஓய்வு பெற்ற மறு வருஷம் இடுப்பும் தொடையும் வலிக்கத் தொடங்கின. வயசாகிறது என்று கணவர் தைலம் தேய்த்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருவிருந்து வாங்க மண்டியிட்டேன். வாங்கியாயிற்று, எழ முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போக, அடுத்த வரிசை பின்னால் காத்து நின்றது. நான் உருக்கமாக ஜெபிக்கிறேன் என்று போதகர் ஐயர் நினைத்திருப்பார். கடைசியில் கணவர் வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். அன்று அடைந்த வெட்கத்தில்தான் தாம்பரத்து டாக்டரம்மாவிடம் போனேன்.

அவர் நாற்காலியைக் காட்டி, "கையை ஊணாம எழுந்திருங்க டீச்சர், பாப்போம்" என்றார். என்னால் முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பை விரலால் அழுத்தினார். துள்ளிவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகக் குறைவு என்று வந்தது.

"இவ்ளோ வெயில் அடிக்கிற ஊர்ல எனக்கா டாக்டர்?"

"ஊர்ல வெயில் இருக்கு. நீங்க அதுல இருந்தீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கறுத்துவிடுவாய் என்று அம்மா சின்ன வயதில் கையில் கொடுத்த குடையை நான் மடக்கியதே இல்லை. முழுக்கை ரவிக்கை, வகுப்பறை, ரயில், வீடு. ஓய்வுக்குப் பிறகு வீடு மட்டும்.

வாரம் ஒரு மாத்திரை, எட்டு வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கூடவே பாலும் முட்டையும். தினமும் பதினொரு மணிக்குக் கையும் காலும் வெயிலில் படும்படி அரை மணி நேரம் உட்கார வேண்டும்.

மறுநாள் பிளாஸ்டிக் நாற்காலியோடு மாடிக்கு ஏறினேன். அக்கா கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர், நெத்திலிக்குக் காவலா குந்திகினு கீற?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நீதான் ஓனராண்ட சொல்லிக்கினேன்னு எனக்குத் தெரியும். பரவால்ல, தோ இப்டி வா, அங்க தொட்டி நெழலு" என்று நாற்காலியை இழுத்துத் தன் பாய்க்குப் பக்கத்திலேயே போட்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அந்த எட்டு வாரங்களை என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் சேர்ப்பேன். வலை இழுக்கும் கதை, அவருடைய மூன்று மருமகன்கள் கதை, என் வகுப்புப் பிள்ளைகள் கதை. தூரத்தில் ஏரித் தண்ணீர் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைக்கும். நான் கை ஊன்றாமல் எழுந்த அன்று அக்கா கைதட்டினார்.

"அந்த மாத்திர எனக்கும் குடேன் டீச்சர். மூட்டு பேஜார் பண்ணுது."

நான் காலி அட்டையைக் கொடுத்தேன். வாரத்துக்கு ஒன்று என்று சொன்னேனா? இன்றுவரை நினைவில்லை. அட்டையை நீட்டியதும் மருந்துக் கடையில் கொடுத்திருக்கிறார்கள். அவர் தினம் ஒன்று விழுங்கியிருக்கிறார்.

ஒன்றரை மாதத்தில் ஆள் மாறிப்போனார். சாப்பாடு பிடிக்கவில்லை, வாந்தி, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம். வெயில் சூடு என்று மோர் குடித்தார். ஒரு நாள் நான் மாடிக்குப் போனபோது காக்கைகள் கருவாட்டைத் தூக்கிக்கொண்டிருந்தன. அக்கா அங்கேயே நின்று வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டதற்கு, "நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்றார்.

கணவர் ஆட்டோ பிடித்துவந்தார். இவர் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று டாக்டரம்மா கேட்டதும் அக்காவின் சுருக்குப் பையைத் திறந்தேன். உள்ளே ஏழெட்டு அட்டைகள் இருந்தன. எல்லாவற்றையும் அவர் மேசையில் வைத்தேன்.

"சத்து மாத்திரைதானேனு நெனைக்கிறாங்க. இது உடம்புல சேர்ந்து தங்கிடும். ரத்தத்துல கால்சியம் ஏறியிருக்கும்" என்று உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவர் சொன்னபடியேதான் இருந்தது. குளுக்கோஸ் பாட்டிலும் மருந்துமாகப் பத்து நாள் வைத்திருந்தார்கள். மூட்டு வலி தேய்மானத்தால் வந்தது, அதற்கும் இந்த மாத்திரைக்கும் சம்பந்தமில்லை என்றார்கள்.

நான்காம் நாள் அக்காவுக்குத் தெளிவு வந்தது. நான் அழுதேன்.

"என்னாலதான் அக்கா."

"நீ இன்னா பண்ணுவ? துன்றப்போ கேட்டுக்கினு துன்னுருக்கணும் நானு."

வீட்டுக்கு வந்தபின் கொஞ்ச நாள் அவர் வெயிலிலேயே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அவருடைய மகள் கொண்டுவரும் மீனை நான் மாடியில் பரப்பினேன். அக்கா படிக்கட்டு நிழலில் உட்கார்ந்து, "பொரட்டு டீச்சர், அது இன்னா கொஞ்சிகினு கீற" என்று அதட்டுவார். முதல் இரண்டு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பிறகு மறந்துபோனேன்.

மழைக்காலத்துக்கு முன்பே அவர் மகள் வீட்டோடு கடலோரத்துக்குப் போய்விட்டார். நாங்களும் மேடவாக்கத்தில் அடுக்ககத்துக்கு வந்துவிட்டோம். இங்கே மொட்டை மாடிக்குப் பூட்டு. வருஷம் ஒருமுறை பரிசோதித்து டாக்டர் சொல்லும் அளவில் மட்டும் மாத்திரை சாப்பிடுகிறேன். பதினொரு மணிக்குக் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் போய் நிற்கிறேன். பேச ஆளில்லாமல் அந்த அரை மணி நேரம் ரொம்ப நீளமாக இருக்கிறது.