மஞ்சளடித்த திரை

கம்ப்யூட்டர் விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கேம் எஞ்சினின் புதிய பதிப்பு வந்ததிலிருந்து ஜெபசீலியின் கைகளுக்கு வழி தெரியாமல் போயிற்று. விளையாட்டுக் காட்சியில் விளக்கு வைக்க அழுத்திப் பழகிய விசை இப்போது வேறெதையோ செய்தது. மெனுக்கள் இடம் மாறியிருந்தன. மத்திகிரி வாடகை வீட்டிலிருந்தே பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள் அவள். சொந்தச் சமையலறையில் உப்பு டப்பாவைக் காணாதவள் போலத் தினமும் எதையாவது தேடிக்கொண்டிருந்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பால் வண்டிதான் அவளுடைய கவலை.

பால் வண்டி ஓட்டும் அந்த விளையாட்டின் விடியற்காலைக் கட்டத்துக்கு ஒளியமைத்தது அவள் கணவன் ஜோஸ்வின். அவனும் அதே கம்பெனிதான். போன மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது. வேலியோரம், கொட்டகை வாசல், பால் கேன்களின் பின்புறம் என்று ஒவ்வொரு விளக்கையும் அவன் கையால் வைத்திருந்தான். புதிய பதிப்பில் சூரியனை ஓரிடத்தில் நிறுத்தினால் போதும், மீதி வெளிச்சத்தை மென்பொருளே கணக்குப் போட்டுக்கொள்ளும். கையால் வைத்த விளக்குகளை அது அணைத்துவிடும். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாக் கட்டங்களும் மாறியாக வேண்டும்.

மாற்றினாள். பழைய கட்டத்தில் இறங்கியிருந்த நீலப் பனி கலைந்து, கல்யாண மண்டபம் போலப் பளிச்சென்று ஒரு காலை வந்து நின்றது.

டீம் லீட் பிரவீனா போன் செய்தாள். பனி கொட்டும் தளி ஊர்க்காரப் பெண்.

"என்னாக்கா, மாத்தியாச்சா?"

"மாத்திட்டேன். பனி போயிடுச்சு பிரவீனா."

"போவட்டும் வுடுங்க. எங்க ஊரு பனி பத்தாதா? அப்படியே அனுப்புங்க."

"அது அவரு வெச்ச வெளிச்சம்."

"தெரியும்க்கா. வெள்ளிக்கிழமை தாண்டினா மேல இருக்கிறவங்க என் தலையை உருட்டுவாங்க. அதுக்குள்ள பனியைக் கொண்டாந்தா கொண்டாங்க, நான் குறுக்க நிக்கல."

அவன் ஒளியமைத்த கட்டத்தின் பழைய படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறத்தை ஒத்துப் பார்த்தாள். நீலத்தைக் கூட்டினால் கொட்டகை நோயாளி போல வெளிறியது. குறைத்தால் மண்டபம் திரும்பி வந்தது. கண் எரிந்தது. வியாழக்கிழமை மதியம் சலித்துப்போய் நாற்காலியில் சாய்ந்தபோது, பீரோ மேலிருந்த ஜோஸ்வினின் பழைய கணினித் திரை கண்ணில் பட்டது.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய திரை. மஞ்சளடித்துப்போனது. அதில் சாதாரணக் காலையாகத் தெரியும்வரை அவன் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போவான். மற்றவர்கள் திரையில் அது பனியாக இறங்கும். கம்பெனியே அந்தப் பனியைப் புகழ்ந்தது. "எனக்கு வெயிலாத்தான் தெரியுது சீலி, யாருகிட்டயும் சொல்லிடாத" என்று அவன் சிரித்தது அவளுக்கு மட்டும் தெரியும்.

தூசி துடைத்து அதை இணைத்தாள். படங்களை மூடிவிட்டாள். மஞ்சள் திரையில் வெறும் வெயில் தெரியும்வரை சூரியனையும் நிறத்தையும் நகர்த்தினாள். பிறகு தன் திரைக்குத் திரும்பினாள். கொட்டகைகளுக்கு நடுவே பனி நின்றது.

கேன்களின் பின்னாலிருந்த சின்ன வெளிச்சம் மட்டும் வரவில்லை. புதிய பதிப்பில் அதற்கு இடமில்லை. வெள்ளி காலைவரை முயன்றுவிட்டு, இருட்டாகவே விட்டு அனுப்பினாள்.

"பனி வந்துடுச்சுக்கா!" என்றாள் பிரவீனா. "ஆனா ஒண்ணு, அடுத்த பதிப்பு மார்ச்சுலயாம். அதுல என்னையே தூக்கிட்டு மென்பொருளை லீடாப் போட்டுடுவாங்க போல."

"அடுத்த பதிப்பும் வரட்டும்" என்றாள் ஜெபசீலி.

மஞ்சள் திரையை அவள் பீரோ மேல் ஏற்றவில்லை. தன் திரையைச் சற்றுத் தள்ளி, மேசையில் அதற்கு இடம் விட்டாள்.