மாமனார் வைத்த கிரீஸ்

லிஃப்ட் கம்பெனியில் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் முனகுகிறது என்று அழைப்பு வந்தால், மற்ற மெக்கானிக்குகள் பெட்டியைத் திறப்பதற்குள் இவர் திருப்புளியின் நுனியை மோட்டாரின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, "மேல் பேரிங், இடது பக்கம்" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எப்போதாவது தவறினால், அறிக்கையில் "தேய்மானம்" என்று எழுதிவிட்டு இறங்கிவிடுவார். அந்தத் தொழிலில் அது தங்கமான சொல். யார் மேலும் பழி விழாது. இரும்பு வந்து மறுத்துப் பேசப்போவதும் இல்லை.

ஓய்வு பெற்று மகன் வீட்டோடு வந்த பிறகு அந்தக் காதுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சொட்டிய குழாயையும் கிறீச்சிட்ட கதவையும் வந்த கையோடு சரிசெய்து முடித்துவிட்டார். அப்புறம் என்ன செய்வது? காலையில் மகன் வேலைக்குக் கிளம்பிப் போவான். மருமகள் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் லேப்டாப்பைத் திறந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்காருவாள். மறுமுனையில் இவர் செய்தித்தாளை விரித்துவைத்து, படித்ததையே திரும்பப் படித்துக்கொண்டிருப்பார்.

மருமகளின் வேலை லேசுப்பட்டதல்ல. காது கேளாதவர்கள் கலந்துகொள்ளும் அலுவலகக் கூட்டங்களில், மற்றவர்கள் பேசப் பேச அதை உடனுக்குடன் தட்டச்சு செய்து அவர்களுடைய திரையில் ஓடவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினால், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவர்கள் மட்டும் தனியாகச் சிரிக்கும்படி ஆகிவிடும். காதுக்காரரின் மனைவி படுக்கையில் கிடந்த காலத்தில், கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் இவள்தான். அதன்பின் எத்தனையோ இடங்களில் ஏறி இறங்கி இப்போதுதான் இந்த வேலை கிடைத்திருந்தது. சோதனைக் காலம் முடியப்போகும் நேரம். நேரலைக் குழுவில் நிலைத்துவிட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பழைய பதிவுகளைக் கேட்டு எழுதும் உதிரி வேலைதான் கதி.

அந்தச் சமயத்தில்தான் லேப்டாப்பின் விசிறி இரைய ஆரம்பித்தது. முதலில் முணுமுணுத்தது, பிறகு உறுமியது. ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, "யார் பேசறாங்கன்னே தெரியல மாமா" என்றாள் அவள். கடைக்குக் கொடுத்தால் எப்போது திரும்பி வருமோ என்று அதற்கும் பயம்.

காதுக்காரர் அன்றே மனசுக்குள் சட்டைக் கையை மடித்துவிட்டார். எத்தனை மாடி லிஃப்டைப் பார்த்த கை! உள்ளங்கையில் அடங்குகிற விசிறி எம்மாத்திரம்?

ஒரு மத்தியானம் அவள் பல் டாக்டரிடம் போயிருந்தாள். கேட்டால் வேண்டாம் என்பாளோ என்று தோன்றியது. அதனால்தான் கேட்கவில்லை. இதை ஒளித்துச் சொல்வதில் அர்த்தமில்லை. லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து, திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே பாட்டில் மூடிகளில் போட்டார். பழைய பஸ் அட்டையை இடுக்கில் நுழைத்து அடிமூடியைப் பெயர்த்தார். விசிறியின் இதழ்களில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் அதைச் சுத்தமாக எடுத்தார். தூசியோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. ஆனால் விசிறிச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவருக்கு, உள்ளே இருந்த சின்ன அச்சு காய்ந்து கிடந்தது கண்ணில் பட்டுவிட்டது. காய்ந்த அச்சைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியுமா? வேலையிலிருந்து கிளம்பும்போது எடுத்துவந்த கிரீஸ் டப்பா அலமாரியில் பத்திரமாக இருந்தது. ஆளுயர மோட்டாருக்கு வைக்கிற கெட்டிக் கிரீஸ். அதில் ஒரு பொட்டு எடுத்து அச்சில் வைத்தார். விரலால் சுற்றிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. மூடியைப் போட்டு, திருகாணிகளை முடுக்கி, ஆன் செய்தார். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

மருமகள் வந்து ஹெட்ஃபோனை மாட்டியவள், உடனே கழற்றிவிட்டு அவரைப் பார்த்தாள். "என்ன மாமா பண்ணீங்க? சத்தமே காணோம்."

"ஒண்ணுமில்லம்மா. அச்சு காஞ்சிருந்துச்சு" என்றார், ஏதோ சாதாரணம் போல.

சாயங்காலம் மகனிடம் அவள் அதை ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள். "அப்பா கை வச்சா அப்படித்தான்" என்றான் அவன். காதுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் தண்டமாக உட்கார்ந்திருக்கிறோம் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் அவரை விட்டது.

மறுநாள் காலை, கூட்டம் தொடங்குவதற்கு முன்பு மருமகளின் கை தட்டிக் காபிக் கோப்பை சாய்ந்தது. மேசையில்தான் சிந்தியது. லேப்டாப்பின் ஓரத்தில் சில துளிகள் பட்டிருக்கலாம். அவசரமாகத் துடைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தாள். கூட்டம் பாதியில் இருக்கும்போது திரை சட்டென்று இருண்டுபோனது. அவள் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தினாள். அதற்குள் அலுவலகத்து மேற்பார்வை அம்மாவின் போன் வந்துவிட்டது.

பதைபதைத்து எழுந்துவந்த காதுக்காரர், லேப்டாப் மறுபடி உயிர் பெற்றபோது பழக்க தோஷத்தில் அதன் பக்கத்துத் துளைகளில் உள்ளங்கையை வைத்தார். காற்று வரவில்லை. உடம்பு மட்டும் தோசைக்கல்லாய்ச் சுட்டது. விஷயம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. விரலின் பலத்துக்குச் சுற்றிய சக்கரம், அந்தப் பொடி மோட்டாரின் பலத்துக்குச் சுற்றவில்லை. கெட்டிக் கிரீஸ் அதைப் பிடித்து நிறுத்திவிட்டது. சத்தம் போனதற்குக் காரணம் விசிறியே நின்றுபோனதுதான். லிஃப்டைப் பழுது பார்த்தால் யாரையும் ஏற்றுவதற்கு முன் மெக்கானிக் தான் மட்டும் ஏறி மேலும் கீழும் போய்ப் பார்க்க வேண்டும். வேலைக் காலம் முழுக்க அவர் மீறாத விதி அது. அந்த விதி ஒரு லேப்டாப்புக்கும் உண்டு என்று தோன்றாமல் போயிற்று.

அதே நொடியில் மருமகள் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "என் தப்புதான் மேடம். காபி கொட்டிடுச்சு. கவனமா இருந்திருக்கணும். மன்னிச்சிடுங்க மேடம்."

அவள் போனை வைக்கட்டும், சொல்லிவிடலாம் என்று நின்றார். வைத்தாள். ஆனால் "பழசாயிடுச்சும்மா. தேய்மானமா இருக்கும்" என்று வந்தது வாயில்.

"இல்ல மாமா. காபிதான். என் கைதான் சரியில்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து முடி உலர்த்தும் மெஷினை எடுத்துவந்து, "இத கொஞ்சம் பிடிச்சுக்கங்க மாமா, உள்ள ஈரம் இருந்தா காஞ்சிடும்" என்று அவர் கையில் கொடுத்தாள். பிடித்துக்கொண்டார். ஏற்கெனவே வெந்துகொண்டிருந்த லேப்டாப்புக்குச் சூடான காற்றை, தெரிந்தே, தன் கையால் அடித்துக்கொண்டு நின்றார். இதைவிடக் கேவலமாக ஒரு மனுஷன் நிற்க முடியாது என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் மெஷினைக் கீழே வைக்கவில்லை.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது மகன் கடிந்துகொண்டான். "லேப்டாப் பக்கத்துல காபி வைக்காதேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?" அவள் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். மகன் அப்பாவின் பக்கம் திரும்பினான். "நீங்க பக்கத்துலதானேப்பா இருந்தீங்க. நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நான் கவனிக்கலப்பா" என்றார்.

சொன்னது இரண்டே சொல். அவள் தூங்கும்போது திறந்து சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று ஒரு திட்டம் போட்டார். ஆனால் அவள் லேப்டாப்பைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். படுக்கும்போது தலைமாட்டிலேயே கவிழ்த்து வைத்துக்கொண்டாள். மறுநாளும் கூட்டத்தின் நடுவில் திரை இருண்டது. மேற்பார்வை அம்மா இந்த முறை கோபமாகக்கூடப் பேசவில்லையாம். நேரலை வேண்டாம், கொஞ்ச நாள் பழைய பதிவுகளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

அதை மாமனாரிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். காபி கலக்கி, மேசைக்கு எடுத்துவராமல், அங்கேயே தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, திருடிக் குடிப்பவள் போல மடமடவென்று குடித்தாள். காதுக்காரரால் அதைப் பார்க்க முடியவில்லை. அவருடைய மனைவிக்கு வேளை தவறாமல் கஞ்சி ஊட்டிய பெண், தன் வீட்டில் தன் காபியை உட்கார்ந்து குடிக்கப் பயப்படுகிறாள்.

"அம்மா, அது காபி இல்ல" என்றார் வாசற்படியில் நின்று.

அவள் திரும்பினாள்.

"கிரீஸ். நான் வச்ச கிரீஸ். லிஃப்டுக்கு வைக்கிறத அந்தப் பொடி விசிறிக்கு வச்சுட்டேன். விசிறி சுத்தவே இல்லம்மா. அன்னைலேருந்தே சுத்தல."

அவள் லேப்டாப்பை எடுத்துவந்து அவர் முன் வைத்தாள். அவர் அடிமூடியைக் கழற்றி, சக்கரத்தை வெளியே எடுத்துக் காட்டினார். அச்சு முழுக்கப் பழுப்பாக அப்பியிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். மாட்டி ஆன் செய்ததும் விசிறி பழையபடி உறுமிக்கொண்டு சுற்றியது. ஓரத்துத் துளைகளில் அவள் கையை வைத்துப் பார்த்தாள்.

"எப்ப தெரிஞ்சது மாமா?"

"முதல் தடவ அணைஞ்சப்பவே."

"நான் மேடத்துக்கிட்ட மன்னிப்பு கேட்டப்ப?"

"அப்பவே தெரியும்மா."

அவள் துளைகளிலிருந்து கையை எடுத்தாள். "விசிறிய நிறுத்தினதுக்கு எனக்குக் கோபம் இல்ல மாமா. எனக்கு நல்லது பண்ணத்தான் நினைச்சீங்க. ஆனா அந்த டிரையர உங்க கையில குடுத்தேன். அத வாங்கி எப்படிப் பிடிச்சீங்க?"

தேய்மானம் என்று எழுதி இறங்கிவிட இது மோட்டார் அறை இல்லை. "போனப் போட்டுக் குடும்மா. நானே அவங்ககிட்ட சொல்றேன்" என்றார். அவள் தயங்கினாள். "வேண்டாம் மாமா, காரணம் சொல்ற மாதிரி ஆயிடும்" என்றாள். அவர் விடவில்லை. வாழ்நாளில் ஒருத்தரிடமும் என் தப்பு என்று சொல்லாத மனுஷன், நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து போனை வாங்கினார்.

ஒன்று விடாமல் சொன்னார். கேட்காமல் திறந்ததை, கிரீஸ் வைத்ததை, தெரிந்தும் வாய் மூடி இருந்ததை, டிரையர் பிடித்ததை. சொல்லச் சொல்ல வியர்த்தது. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்குவதுபோல் இருந்தது. மேற்பார்வை அம்மா குறுக்கே பேசாமல் பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, எனக்கு மனசு நெகிழ்ந்துடுச்சு" என்றார் கடைசியில். "மருமகளுக்காகத் தன் மேலயே பழியப் போட்டுக்கிற பெரியவர நான் பாத்ததில்ல."

"பழி இல்லம்மா, நெசமாவே நான்தான்."

"புரியுதுங்கய்யா. ஆனா அவங்களே அன்னைக்கே ஒத்துக்கிட்டாங்களே. அந்த நேர்மைக்காகத்தான் வேலையிலேருந்து எடுக்காம விட்டிருக்கேன். இப்ப கதைய மாத்தினா அவங்களுக்குத்தான் நல்லா இருக்காது. நீங்க கவலப்படாம உடம்பப் பாத்துக்கங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்ட பிறகும் அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மருமகள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன சொன்னாங்க மாமா?"

"நம்பலம்மா" என்றார். "நான் ரொம்ப நல்ல மாமனாராம்."

அவள் போனை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். ஹெட்ஃபோனை மாட்டி, என்றோ நடந்து முடிந்த ஒரு கூட்டத்தின் பதிவைத் திறந்து, அதைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.