யானைக் கூடத்தில் கையாடி

அருங்காட்சியகத்தில் எல்லாரும் அவளைக் கையாடி என்றுதான் கூப்பிடுவார்கள். காது கேளாதவர்களுக்குப் பேச்சைச் சைகையில் சொல்லும் வேலை அவளுடையது. "வாயாலே ஆடினா வாயாடி. கையாலே ஆடினா கையாடிதானே?" என்று நுழைவுச்சீட்டு கொடுப்பவர் ஒருநாள் கேட்டு வைத்தார். "அய்யய்யோ, கல்லாப் பணத்தைக் கையாடிட்டேன்னு பிடிச்சுட்டுப் போயிடப்போறாங்க" என்று அவள் சிரித்தாள். அன்றோடு பேர் ஒட்டிக்கொண்டது.

அந்த மொழியை அவளுக்கு எந்தப் பள்ளியும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறவியிலேயே காது கேளாத அண்ணனோடு சண்டை போட்டுப் போட்டுப் படிந்தது. அண்ணன் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டினான். "அங்கே எல்லாரும் காதுல பஞ்சு வச்சுக்கறாங்க. எனக்கு மட்டும் கடவுளே வச்சு அனுப்பிட்டாரு" என்று கைகளால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவன் கட்டிக்கொண்ட தையல்காரிக்கும் காது கேட்காது. அந்த வீட்டில் டாக்டரோ வங்கிக்காரரோ பள்ளிக்கூட ஆசிரியரோ என்ன சொன்னாலும் தங்கச்சி வழியாகத்தான் போகும். அண்ணன் அவளுக்குப் போட்டிருந்த கட்டளை ஒன்றே ஒன்று: "எனக்குப் பாவம் பார்த்து எதையும் முழுங்காதே. சொன்னதைச் சொல்."

போன வருஷம் அண்ணனுக்கு வயிற்றில் கட்டி வந்தது. வைத்தியமெல்லாம் பார்த்த பிறகு ஒருநாள் டாக்டர் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார். பக்குவமாகச் சொல்ல அந்த மொழியில் இடம் ஏது? முகமும் கையும் சேர்ந்தால்தான் சொல்லே. அவள் சொன்னாள். விரித்த இரண்டு கைகளும் காற்றில் தாழ்ந்து வெறுமையாக விழுந்தன. கால்மாட்டில் நின்ற அண்ணி அதைப் பார்த்தாள். அண்ணன் மெல்ல ஒருக்களித்து, மனைவிக்கு முதுகைக் காட்டியபடி டாக்டரை நோக்கி ஏதோ கேட்டான்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு அவன் தட்டைத் தொடவே இல்லை. சீக்கிரமே போய்விட்டான். அடக்கம் முடிந்ததும் அண்ணி அவள் முன்னால் வந்து நின்றாள்.

"அவரை நோய் கொல்லலை. உன் கைதான் கொன்னுச்சு" என்று சைகையில் சொன்னாள்.

சுற்றி நின்ற சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நாத்தனாரும் அண்ணியும் ஒருத்திக்கொருத்தி ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு அண்ணி அவளுக்குக் கதவைத் திறக்கவில்லை. இப்படியிருக்க, எல்லாருக்கும் இலவசமாகக் கதவைத் திறந்துவிடும் பொதுநாள் அருங்காட்சியகத்துக்கு வந்தது. மேலாளர், "வேணும்னா வேற ஆளை ஏற்பாடு பண்ணட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டில் சும்மா கிடக்கும் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

காலையிலேயே கூட்டம் நெரிந்தது. முற்றத்தில் பொம்மை செய்ய வந்த பிள்ளைகள் களிமண்ணிலேயே குளித்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் பழைய வரைபடங்களைப் பற்றி ஒரு பேச்சு, கீழே இசைக்கருவிகள். யானைக் கூடத்தில் எலும்புக்கூட்டின் அடியில் விலங்கியல் ஆய்வாளர் பேசத் தயாரானார். கேளாதோர் சங்கத்திலிருந்து ஒரு கூட்டமே வந்திருந்தது. அவர்களோடு, சுவரில் சாய்ந்தபடி அண்ணி.

பேச்சு நன்றாகத்தான் போனது. அந்த யானை உயிரோடு மிருகக்காட்சிசாலையில் இருந்தபோது தும்பிக்கையால் பார்வையாளர்களின் தொப்பியைப் பறித்த கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள். கையையே தும்பிக்கையாக்கி அவள் தொப்பியைப் பறித்துக் காட்ட, சங்கத்துக்காரர்கள் இன்னொரு தடவை சிரித்தார்கள். பிறகு ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார். "வயசாகி யானை படுத்துடுச்சு. மருத்துவர் வந்து பார்த்தாரு. இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாரு."

அவள் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. சங்கத்துக் கண்கள் எல்லாம் அவள் விரலில் தொங்கின. ஏதோ தடங்கல் என்று ஆய்வாளர் பேச்சை நிறுத்தினார். வேறு விதமாகச் சொல்லிவிடலாமா, யானை தூங்கிப்போயிற்று என்று முடித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவளால் முடியவில்லை. விரித்த கைகள் தாழ்ந்து வெறுமையாக விழுந்தன.

அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.

பேச்சு முடிந்ததும் இவள் ஓடிப்போய்த் தேடினாள். பின்கட்டில், பிள்ளைகள் களிமண் கையைக் கழுவும் குழாய்க்குப் பக்கத்துப் படியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். இவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அண்ணியின் கைதான் முதலில் அசைந்தது.

"அன்னைக்கு எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட என்ன கேட்டாரு?"

"'நான் அழுதா என் பொண்டாட்டியும் அழுவா. அழாம இருக்கிறதுக்கு ஏதாவது மருந்து இருக்கா'ன்னு கேட்டான்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டருக்கு நான் சொல்லவே இல்லை அண்ணி. எனக்கு வாய் வரலை. அவரு போயிட்டாரு. அண்ணன் பதிலுக்காக என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தான்."

அண்ணியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாத சத்தம். குழாயடிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். இவள் அண்ணியைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டால் கைகளால் பேச முடியாது; இருவரும் பேசாமல் அழுதார்கள்.

பிறகு அண்ணி விலகி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன் மேலே தப்பில்லைன்னு எனக்குத் தெரியுது. ஆனா உன் கையைப் பார்த்தா அந்த ஆஸ்பத்திரி அறைதான் தெரியுது. நான் என்ன பண்ணட்டும்? வீட்டுக்கு வராதே."

"எப்போ வரலாம்?"

அண்ணி தெரியாது என்று தலையை ஆட்டினாள்.

மழைக்காலத்துக்கு முன்பே அண்ணி வீட்டைக் காலி செய்துகொண்டு தன் அக்கா ஊருக்குப் போகிறாள் என்று சங்கத்துக்காரர் ஒருவர் வந்து சொன்னார். இவள் பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். வண்டி நகரத் தொடங்கியிருந்தது. மூடிய கண்ணாடிக்குள்ளேயிருந்து அண்ணி இவளைப் பார்த்துவிட்டாள்.

"சாப்பிட்டியா?" என்று கையால் கேட்டாள்.

"சாப்பிட்டேன். நீங்க?"

அண்ணி பதில் சொல்வதற்குள் வேறொரு வண்டி குறுக்கே வந்து நின்றது. அது நகர்ந்தபோது பேருந்து தெருமுனையைத் தாண்டிவிட்டது. அதன்பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை.